மாசி பதினைந்து என்று எழுதிய கடிதம்

ரப்பர் மரப் பலகையை அறுக்கும்போது ஒரு புளித்த வாசனை வரும். டிசம்பர் மழையில் அது இன்னும் கனத்துப் போகும்... சட்டையில், தலைமுடியில், சாப்பாட்டு டப்பாவில்கூட ஒட்டிக்கொள்ளும்.

மலேசியாவில், கூலாயில் மேசை நாற்காலி செய்யும் ஒரு ஃபேக்டரி. படிப்பு முடிந்து நான் சேர்ந்த முதல் வேலை, ஆபீஸ் கிளார்க். அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இந்தியாவிலிருந்து வந்து வேலை செய்த அண்ணன்மார் எல்லாரும் எதற்கும் என் மேசைக்குத்தான் வருவார்கள்.

செல்வராசு அண்ணனும் அப்படி வந்தவர்தான். தர்மபுரி பக்கத்துக்காரர். ஊரில் ஓர் ஏக்கருக்கும் குறைவாகக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, மனைவி மல்லிகா, கைக்குழந்தை. நிலத்தை அதுவரை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டதால், அந்தத் தை மாதம் மல்லிகா அக்கா தனியாக விதைக்க வேண்டும். அக்காவோ தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை.

"இந்த வெள்ளாமை மட்டும் கைக்கு வந்துட்டா கான்ட்ராக்ட் முடிஞ்சதும் ஊருக்குப் போயிடுவேன் தங்கச்சி. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்பார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும்.

போனில் சொல்லலாம் என்றால், அப்போது கார்டு வாங்கிப் பக்கத்து வீட்டு எண்ணுக்குத்தான் பேச வேண்டும். பாதி கேட்கும், பாதி கேட்காது. கடிதமாகப் போனால் மல்லிகா அக்கா பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்யலாம். ஆனால் அண்ணனுக்கு வலது கையில் பெரிய கட்டு. பலகை சிராய்த்து நாலு தையல் போட்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். அவர் சொல்லச் சொல்ல ஒரு துண்டுத்தாளில் வேகமாகக் குறித்துக்கொண்டேன்.

"தை அஞ்சாந்தேதி ரெண்டு விதையும் பாத்தில போட்டுடணும். தக்காளி நாத்து இருபத்தஞ்சு நாள்ல தயாராயிடும், தை கடைசில பிடுங்கி நட்டுடலாம். மிளகாய்க்கு அவசரமே கூடாது. நாப்பது நாள் பாத்தியிலயே நிக்கட்டும், மாசி பதினஞ்சு. நடுறதுக்கு முன்ன தண்ணிய கொஞ்சம் குறைக்கச் சொல்லு, நாத்து கெட்டிப்படும். சாயங்காலம் வெயில் தாழ்ந்து நடச் சொல்லு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். வயலிலேயே நின்று பேசுவது போல இருந்தது.

நல்ல தாளில் அழகாக எழுத ஆரம்பித்தேன். வெளியே எங்களை ஏற்றிப்போகும் பஸ்காரர் ஹாரன் அடித்து, "செப்பாட் லா!" என்று சீக்கிரம் வரச்சொல்லிக் கத்தினார். நான் அவசர அவசரமாக எழுதி முடித்தேன்.

"ஒரு தடவ படிச்சுக் காட்டு தங்கச்சி."

"எல்லாம் சரியாத்தான்ணே இருக்கு. பஸ் போயிடும்லா..."

உறையை ஒட்டிவிட்டு ஓடினேன்.

மழை விட்டது. சீனப் புத்தாண்டுப் பெருநாள் வந்து போனது. போனில் கேட்கும்போதெல்லாம் மல்லிகா அக்கா, "நீங்க எழுதினபடியேதான் செய்யறேன்" என்று சொன்னாராம். அண்ணனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

மாசி முடியும் சமயத்தில் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"வெள்ளாமை போச்சு தங்கச்சி. மிளகாய இருபத்தஞ்சு நாள்லயே பிடுங்கி நட்டிருக்கா. பிஞ்சு நாத்து, வெயில்ல சுருண்டுடுச்சு. தக்காளிய மாசி பதினஞ்சு வரைக்கும் பாத்தியிலயே விட்டிருக்கா. நெடுநெடுன்னு வளந்து அங்கயே பூ வெச்சிருச்சாம். பக்கத்துக் காட்டுக்காரரு வந்து, 'தக்காளிய எடுத்து நடும்மா'ன்னு சொல்லியிருக்காரு. இவ, 'அவரு எழுதியிருக்காரு, அதுபடிதான் செய்வேன்'னு இருந்திருக்கா..."

நான் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

அவரே தொடர்ந்தார். "நான்தான் கை வலியில மாத்திச் சொல்லிட்டேன் போல. அவளத் திட்டி என்ன பண்றது?"

அவர் போனதும் டிராயரைத் துழாவினேன். அந்தத் துண்டுத்தாள் இருந்தது. தக்காளி இருபத்தைந்து, மிளகாய் நாற்பது. என் கையெழுத்தில், சரியாக. நல்ல தாளில் எழுதும்போது மாற்றிப் போட்டவள் நான்.

எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். மதிய இடைவேளையில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நாளைக்கு என்றேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அண்ணன் ஊருக்குப் போகவில்லை. கான்ட்ராக்டை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்தார். அந்த ஃபாரத்தை நிரப்பியதும் நான்தான். அன்றைக்கு ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சரிபார்த்தேன்... அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டாளாம்" என்றார். நான் ஃபாரத்தைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

கடைசியில் அவர் ஊருக்குக் கிளம்பிய நாளில் வேன் வரைக்கும் கூடப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"உடம்பப் பாத்துக்கங்கண்ணே."

அவ்வளவுதான் வாயில் வந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

இப்போதும் கூலாயில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் இந்தியாவிலிருந்து வந்த தம்பிகள் வீடியோ காலில் தங்கள் வயலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "கேமராவ கீழ காட்டு, இந்த நாத்து இன்னும் நாலு நாள் நிக்கட்டும்" என்கிறார் ஒருவர். தப்பு நடந்தால் அந்த நிமிஷமே கண்ணில் பட்டுவிடுகிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மேல் அங்கே நிற்க முடிவதில்லை.

மல்லிகா அக்காவை நான் பார்த்ததே இல்லை. புருஷன் சொன்னது தப்பு என்றே இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார். அண்ணனும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்.

செல்வராசு அண்ணே... நீங்க சரியாத்தான் சொன்னீங்க.