தேர்த் தெருவில் அக்காவின் வீடு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. ஆப்திகத்துக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இச்சிறு மலரை வைக்கிறோம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

கொல்லங்கோட்டில் பிறந்த அக்கா, பதினான்கு வயதில் கல்பாத்தித் தேர்த் தெருவுக்கு மருமகளாக வந்தார். அப்போது அவர் வரிசையில் முப்பத்தொரு வீடுகள், எல்லாவற்றிலும் குடும்பங்கள். பிள்ளைகள் பம்பாய்க்கும் சென்னைக்கும் போய்ப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டார்கள். தேர்த் திருவிழாக் கூட்டத்தை நம்பி வீடுகள் லாட்ஜாகவும் துணிக்கடையாகவும் ஹோட்டலாகவும் மாறின. போகும்போதெல்லாம் எண்ணுவேன். கடைசியில் நான்கு வீடுகள் மிஞ்சின. மூன்று பூட்டிக் கிடந்தன. அத்திம்பேர் காலமானபின் அக்கா தனியே இருந்தார்.

பக்கத்து வீடு ஹோட்டலாயிற்று. புகைக்காக அக்கா ஓயாமல் சண்டை போடுவார். அதன் முதலாளி சித்தூர்ப் பக்கத்துக்காரர். ஒருநாள் என் முன்னிலையில் வீட்டை விலைக்குக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, இத்தனை பெரிய ஊட்டுல ஒத்தையா என்னத்துக்குங்க? குடுத்துப்போட்டுத் தம்பி ஊட்டுக்குப் போயிருங்க."

"இந்தத் தெருவில ஒருத்தர் போனா, எடுக்கற வரைக்கும் எந்த ஆத்திலயும் அடுப்பு மூட்ட மாட்டா. தம்பி இருக்கற எடத்தில அது உண்டோ?"

"இங்க மட்டும் யாருங்கம்மா இருக்காங்க?"

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க இருக்கேளே. அணைப்பேளோ?"

"அணைச்சுப்போடறனுங்க. சாப்பாட்டு நேரமாப் பாத்துப் போயிராதீங்க!"

"நேரம் பார்த்துக் கிளம்ப நான் என்ன பஸ்ஸா?"

இருவரும் சிரித்தார்கள். அவர் போனதும் அக்கா என்னிடம் மெல்லக் கேட்டார்: "அணைப்பானோடா?"

மாசி மாதத்தில் ஒரு காலை, சில நாள் காய்ச்சலுக்குப்பின் அக்கா காலமானார். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். துணிக்கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. பிறகு ஹோட்டல் முதலாளி வந்தார், கையெல்லாம் கரி.

"அணைச்சுட்டனுங்க சாமி. உலையையும் எறக்கியாச்சு. எப்ப எடுக்கறீங்க?"

"உறவுக்காரர்கள் வந்துசேரச் சாயங்காலம் ஆகும்."

"ஆகட்டுமுங்க."

தெருவின் மற்ற மூன்று ஹோட்டல்களும் அன்று நடந்தன. அணைந்திருந்தது அந்த ஓர் அடுப்பு.

வைத்தியருக்கும், சாஸ்திரிகளுக்கும், வெகுதூரம் பயணப்பட்டு வந்த உறவினர்க்கும், அந்த முதலாளிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வீட்டை அவருக்கே கொடுத்துவிட்டோம். அடுத்த மாதம் இடிக்கிறார். அடுப்பணைக்கவேண்டிய சாவு இனி அந்த வரிசையில் நேராது.