எழுத்தில்லாமல் அம்மாவுக்கு

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது மலாயாவில் ஜொகூருக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒரு கவலையாயிற்று. ஊரில் இருந்தவரை அது குறையாகவே படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிவிடுகிற அம்மாவுக்கு யாராவது கடிதம் போடுவார்களா?

கப்பலேறும் கூலியாட்களைச் சோதிக்கிற நாகப்பட்டினத்து டிப்போவில் டாக்டர் அம்மாவின் இமையைப் புரட்டிப் பார்த்தார். கண் சிவந்திருக்கிறது, கப்பல் ஏற்ற முடியாது என்று ஓரமாக நிறுத்திவிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் நானும் தேறிவிட்டோம். ஊருக்குத் திரும்பிப் போய், கண் ஆறினதும் அடுத்த கப்பலில் வந்துவிடுவாள் என்றார் அப்பா. தனியாக எப்படி வருவாள், இறங்கிய இடத்தில் யாரிடம் வழி கேட்பாள் என்று யோசித்து யோசித்து நான் சாப்பிடாமல் படுத்தே கிடந்தேன். சித்தப்பா அதைக் கப்பல் மயக்கம் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக் கடைசி அறையில் எங்களைக் குடிவைத்தார்கள். கப்பல்கள் வந்தன, புது ஆட்கள் வந்தார்கள், அம்மா வரவில்லை. அப்பா எழுதிய கடிதங்களுக்கு ஊரிலிருந்து ‘அனைவரும் க்ஷேமம்’ என்று பதில் வரும். அங்கே வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் பெரியப்பா மட்டும்தான். அவர் எதிரில் அம்மா நிற்கக்கூட மாட்டாள்.

“அண்ணி கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு என்னத்தச் சொல்லும்? நாம எழுதறதும் பெரியண்ணனுக்கு, பதில் போடறதும் பெரியண்ணன்” என்றார் சித்தப்பா ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடி.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எழுத்து இருந்தால்தானே பெரியப்பா வேண்டும்?

சீனர் கடையில் சர்க்கரை மடித்துத் தரும் பழுப்புத் தாளைச் சேர்த்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் தூக்கிப் போட்ட காப்பி பென்சில் துண்டைச் சித்தப்பா கொண்டுவந்து தந்தார். எச்சில் தொட்டால் ஊதாவாக எழுதுமே, அதுதான். என் நாக்கும் உதடும் ஊதாவாகிவிட்டன. டிப்போ வாசலை வரைந்தேன். கப்பலை, கரை சேருமுன் ஒரு தீவில் இறக்கி மருந்துத் தண்ணீரில் எங்களைக் குளிப்பாட்டியதை, ரயிலை, லயத்தை வரைந்தேன். அம்மா தேடாமல் கண்டுகொள்ள வேண்டுமென்று எல்லாத் தாளிலும் இரட்டைச் சடை போட்ட பெண்ணாக என்னை வைத்தேன். கப்பலும் மரமும் பெரிது பெரிதாக வந்ததில் எனக்கு இடம் குறைந்துகொண்டே போயிற்று.

“என்னா பாப்பா, ஆளு இளைச்சுக்கிட்டே போவுது? கப்பல்ல சோறு போடலியா?” என்று சித்தப்பா கேலி செய்தார்.

கடைசித் தாள்தான் பெரும்பாடு. அம்மா, வா என்று எழுத்தில்லாமல் எப்படிச் சொல்வது? ரப்பர் மரத்தை வரைந்தேன். பட்டையில் சாய்வாக வெட்டு, கீழே பால் பிடிக்கிற மங்கு, மங்கில் சொட்டுகிற பால். மரத்தடியில் நான். மரத்திலிருந்து விழுகிற சொட்டு மாதிரியே என் கன்னத்திலும் சொட்டுச் சொட்டாக வைத்தேன். பார்த்தால் யாருக்கும் புரியும் என்று நினைத்தேன்.

ஆள் கூட்டிவர ஊருக்குப் போன கங்காணியிடம், தாள்களை நூல் கோத்துக் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். “ஒரு எழுத்துக்கூட இல்லியே, இத எப்படிப் படிக்கிறது?” என்று கேட்டார். பார்த்தால் போதும், பெரியப்பா இல்லாத நேரத்தில் அம்மா கையில்தான் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் போன பிறகு புதுக் கவலை பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்தால் காப்பி பென்சில் கரைந்து பரவிவிடுமே. இங்கே மழை பெய்தபோதெல்லாம் அங்கே என் படங்கள் கரைவதாக நினைத்து மூலையில் சுருண்டு கிடப்பேன்.

கங்காணி திரும்பி வந்த அன்று, வண்டியிலிருந்து இறங்கிய ஒவ்வொரு சேலையையும் அண்ணாந்து பார்த்தேன். ஒருத்தி அம்மா மாதிரியே இடுப்பில் கைவைத்து நின்றாள். திரும்பினாள், வேறு முகம்.

கங்காணி எங்கள் அறைக்கே வந்து, அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

“தங்கச்சிக்கு ரொம்ப சந்தோசம் தம்பி. கண்ணு இன்னும் சரியா ஆறல. மறுபடி டிப்போவுல நிறுத்திட்டா என்ன பண்றதுன்னு பயந்துக்கிட்டு இருந்திச்சு. புள்ள வாடிப்போய்க் கெடந்தா விழுந்தடிச்சு வந்துடுறேன், நல்லா இருந்தா அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லிச்சு. கடைசிப் படத்தைக் காட்டி, இது என்ன மரம்னு கேட்டிச்சு. பால்மரம்னு சொன்னேன். அவ்வளவுதான், சிரிக்குது சிரிக்குது, அப்படிச் சிரிக்குது. ‘மரமே பால் குடுக்குதா, எம்புள்ள குடிச்சுக் குடிச்சு மூஞ்செல்லாம் வழிய விட்டுக்கிட்டு நிக்குது பாருங்க’ன்னு தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டிச்சு.”

சித்தப்பாதான் மெல்ல, “அது ரப்பர் பாலுன்னு சொல்லலியாண்ணே?” என்றார்.

“அம்புட்டுச் சிரிக்கிற பொம்பளகிட்ட என்னத்தச் சொல்றது” என்றார் கங்காணி.

எனக்குக் காதில் விழுந்தது அம்மா சிரித்தாள் என்பது மட்டும். டிப்போ வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றவள், என் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். தெருவெல்லாம் காட்டியிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் அவள் வராததுகூட அன்று சாயங்காலம் மறந்துவிட்டது.

உடனே புதுத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். இந்தத் தடவை என்னைக் கன்னம் உப்பக் குண்டாக வரைந்தேன். வாய் நிறையச் சிரிப்பு. ஒரு மரத்துக்குப் பதில் வரிசையாக மரங்கள். மங்குக்குப் பதில் வாளி வாளியாகப் பால். அம்மா இன்னும் சிரிக்க வேண்டுமே.

வரைந்து முடித்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். திருப்பித் தந்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மரங்கள் கோணலாக வந்துவிட்டன, அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். வேறு தாள் எடுத்து, எல்லாவற்றையும் நேராக வரைந்தேன்.