சண்டை முடிந்த நாளில் கொடுத்த திதி

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, வரதய்யபாளையத்துப் பக்கம் இருந்த கிராமத்தை விட்டுச் சித்தூருக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அரசுப் பள்ளியில் சோஷியல் டீச்சர். ஒரு மாலை, மறுநாள் நடத்த வேண்டிய இரண்டாம் உலகப் போர் பாடத்தைத் தெலுங்கில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க நைனா போன சண்டையாம்மா அது?"

"அதேதான் நைனா."

"எனக்கும் சொல்லேன். எதுக்கு ஆரம்பிச்சாங்க?"

தாத்தா பட்டாளத்துக்குப் போன கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம். சத்தியவேடு சந்தைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், மூன்று வேளையும் சோறு என்றார்களாம். அவர் மலேயாவுக்குக் கப்பல் ஏறியபோது நைனா தாயின் வயிற்றில் இருந்தார். அதற்குப் பிறகு, செத்தார் என்றும் தகவல் இல்லை, இருக்கிறார் என்றும் தகவல் இல்லை. நைனாவின் அம்மா கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. அவர் இறந்த அன்று, சுமங்கலியாக அனுப்புவதா, கைம்பெண்ணாக அனுப்புவதா என்று பங்காளிகள் பிணத்தின் எதிரிலேயே வாக்குவாதம் செய்தார்கள். நைனாதான் குங்குமத்தைத் தொட்டுத் தாயின் நெற்றியில் வைத்து அதை முடித்தார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஜெர்மனி போலந்துக்குள் படையோடு நுழைந்தது. பிரிட்டன் போர் அறிவித்தது. அன்றே இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் சொல்லிவிட்டார். இங்கே யாரையும் கேட்கவில்லை.

"போலந்து எங்க கீது?"

"ரொம்ப தூரம் நைனா. பனி கொட்டற ஊரு."

"அங்க எவனோ பூந்தான்னா, சந்தையில நின்னுக்கினு இருந்தவன் எதுக்குப் போவணும்?"

பாடத்தில் போருக்கான காரணங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கேட்பார். பாரிஸ் விழுந்ததை, லண்டனில் குண்டு விழுந்ததை, ரஷ்யாவின் பனியில் செத்தவர்களை, யூதர்களைக் குழந்தைகளோடு கொன்றதை எல்லாம் சொன்னேன். ஜப்பான் மலேயாவில் இறங்கிய இடம் வந்ததும் கிட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். சிங்கப்பூர் விழுந்தது, சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள் என்றேன்.

"அதுல எங்க நைனாவும் இருந்திருப்பாரா?"

"இருந்திருக்கலாம். தெரியல."

"கைதிங்களுக்குச் சோறு போட்டாங்களா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம்தான் போட்டாங்களாம். நெறய பேரு பசியிலயும் சொரத்துலயும் போயிட்டாங்க."

அன்று இரவு அவர் தட்டைத் தொடவில்லை.

போர் முடிந்ததையும் சொன்னேன். பெர்லின் விழுந்து ஜெர்மனி சரணடைந்தது. ஜப்பான் விடவில்லை. இரண்டு ஊர்கள் மேல் அணுகுண்டு போட்டார்கள். அப்புறம் அதுவும் பணிந்தது.

"என்னிக்கு?"

"ஆகஸ்ட் பதினஞ்சு."

"கொடி ஏத்தற நாளா?"

"அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி வந்த ஆகஸ்ட்."

"எங்க நைனாவுக்கு இதுவரைக்கும் திதி குடுத்ததில்ல. அம்மா இருக்கறப்ப அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அந்த நாள்லயே குடுத்துடலாம்."

"ஏன் நைனா அந்த நாளு?"

"சண்டை முடியற வரைக்கும் இருந்தாருன்னு வெச்சுக்குவோம். முடிஞ்சிச்சின்னு காதால கேட்டுட்டுப் போவட்டும்."

அந்த ஆகஸ்டில் திருப்பதிக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு போனார்கள். மலையடிவாரத்தில் அருவி விழும் கபிலதீர்த்தத்தில் புரோகிதர் விவரம் கேட்டார். நாள் தெரியாமல் போனவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பதுதான் வழக்கம், அப்போது வாருங்கள் என்று தெலுங்கில் சொன்னார்.

"தேதி தெலுசு சாமி," என்றார் நைனா. தேதி தெரியும் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னார். புரோகிதர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

எள்ளையும் தண்ணீரையும் கையில் விட்டு, தகப்பன் பெயரைச் சொல்லச் சொன்னார். நைனா வாய்க்குள்ளேயே சொன்னார். "கட்டிகா, கட்டிகா" என்றார் புரோகிதர், உரக்கச் சொல்லும்படி. அந்தப் பெயரை நைனா உரக்கச் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். அருவிச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது.

திரும்பும்போது, சந்திரகிரி தாண்டியதும் கேட்டார். "பாக்கறதுக்கு எப்பிடி இருந்திருப்பாரு?"

தாத்தாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. "உன்ன மாதிரிதான் நைனா."

"என்ன மாதிரியா? நான் கெழவன். அவனுக்கு அப்ப இருபத்திரண்டு, இருபத்திமூணு இருக்கும். உன் புள்ளைய விடச் சின்னவன்மா. பசிக்குதுன்னு போன பையன்."

அதுவரை தாத்தாவை அவர் 'அவன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார், எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை செத்துப்போனால் எப்படி அழுவாரோ அப்படி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சித்தூர் வரும்வரை அழுகை நிற்கவில்லை.

அந்த மார்கழியில் நைனா போய்விட்டார்.