நீலம் வந்த விடியல்

ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் ஸ்பிரிட் விளக்கு, குழாய்க்குள் கொதிக்கும் நீல மருந்து. இந்த வயதிலும் எனக்கு அதை நினைக்கப் பயம். அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில், அப்பாவின் சர்க்கரையை வீட்டில் அப்படித்தான் பார்ப்போம். மருந்தில் சிறுநீரைச் சொட்டவிட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறம் வரும். சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அன்று அம்மாவுக்குச் சோறு இறங்காது. நீலம் நீலமாகவே நின்றால் கற்பூரம் ஏற்றுவாள். நீலத்துக்கும் பயப்பட வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

வைகாசி கருட சேவையில் பெருமாளைச் சுமப்பவர்களில் அப்பாவும் ஒருவர். சாமி கோயில் திரும்பும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்று விடியலில் குழாயில் பளிச்சென்று நீலம். "பெருமாளே உத்தரவு குடுத்துட்டாரு, போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா. உடம்பு உழைத்தால் சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அப்பா வழக்கம்போல் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பினார்; அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம்.

கடைத்தெருவில் அவருக்குக் கால் பின்னியது. பக்கத்தில் வந்த ஆள் வாகனத்துக்குத் தோள் கொடுக்க, அப்பா ஒரு கடைப்படியில் சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை, தொட்டால் சில்லென்று இருந்தது. என்னைப் பார்த்து "யாரும்மா நீ?" என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்ததுபோல் நான் வேறெதற்கும் பயந்ததில்லை. யாரோ தண்ணீர்ப்பந்தலிலிருந்து பானகம் கொண்டுவந்து நீட்ட, அம்மா தட்டிவிட்டாள். "ஊசி போடுற சர்க்கரைக்காரருக்கு வெல்லத் தண்ணியா? கொல்லப் பாக்குறீங்களா?"

கடைக்கார பாய் இறங்கி வந்தார். "என் தம்பியும் இந்த ஊசிதாம்மா போட்டுக்கினு இருக்கான். இது சர்க்கரை ஏறினது இல்ல, சாப்பிடாம ஊசி போட்டு அடியோட இறங்கிப்போனது. குடுக்காம விட்டாதான் ஆள் போய்டுவாரு."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு கோயில் திரும்பாமல் இன்னும் தெருமுனையிலேயே நிற்கும் பெருமாளைப் பார்த்தாள். இன்னொரு டம்ளர் வாங்கி, அவளே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். வெகுநேரம் கழித்து அப்பா என் பெயரைச் சொன்னார். நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வருஷம் மடியில் வெல்லம் முடிந்துகொண்டுதான் அப்பா கிளம்பினார். "பெருமாள் கோவிச்சிக்கினா நான் பேசிக்கிறேன்" என்றார்.

இப்போது எனக்கும் சர்க்கரை, எனக்கும் ஊசி. விரலில் ஒரு குத்து, இயந்திரம் எண்ணைக் காட்டிவிடுகிறது. எண் இறங்கினால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் குழாயின் நீலம் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. மகளைக் கூப்பிட்டு, அவள் பெயரைச் சரியாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொள்கிறேன்.