நன்றி சொல்லாத ஒரு ஃபோன்

இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் காலரின் மேல் இறக்கும்போதெல்லாம் அவர் உதடு அசையும். "ஆம்புலன்ஸ். மை வைஃப் இஸ் நாட் ப்ரீதிங்." பெட்டி புஸ்ஸென்று நீராவியை விடும். சட்டையைத் திருப்பிப் போடுவார். மறுபடியும் அதே வாக்கியம்.

வெளிநாட்டில் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. கூட இருப்பவர்கள் வைத்த பெயர் 'கைண்ட்லி'. ஹேங்கர் ஒன்று வேண்டுமென்றாலும் அந்தச் சொல்லை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் கேட்பார். பள்ளியில் விடுமுறை விண்ணப்பம் எழுதிப் பழகிய ஆங்கிலம் அது. கைகட்டி, வாய்பொத்தி நிற்கும்.

மனைவி சமையலறையில் சரிந்து விழுந்த காலையிலும் அந்த ஆங்கிலம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட ஃபோனில் பேசியது. வணக்கம் சொன்னார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டார். தன் பெயரைச் சொன்னார். பிறகு, அழுகையை விழுங்கிக்கொண்டு, மரியாதை குறையாத குரலில், "மை வைஃப் இஸ் நாட் ஃபீலிங் வெல்" என்றார். மறுமுனையில் இருந்தவர் டாக்டரைப் பார்க்கச் சொல்லி வேறோர் எண்ணைக் கொடுத்தார். இவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அந்த எண்ணில் யாரும் எடுக்காமல் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஃபோனைப் பிடுங்கிக் கத்திய பிறகுதான் வண்டி புறப்பட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"சீக்கிரம் வந்திருந்தா பொழைச்சிருப்பாளான்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல" என்பார்.

அதன்பிறகு அந்த ஆம்புலன்ஸ் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தது கவுண்டரில் இருக்கும் பெண்.

"தீப்பிடிச்ச வீட்டு முன்னாடி நின்னு கும்பிடு போடுவீங்களாண்ணே? முதல்ல ஆம்புலன்ஸுன்னு சொல்லுங்க. அப்புறம் என்ன ஆச்சு, எந்த இடம். உங்க பேரு யாருக்கு வேணும்?"

"ப்ளீஸ் கூட வேண்டாமாம்மா?"

"வேண்டாம்."

"அதட்டுற மாதிரி இருக்காது?"

"அதட்டுங்கண்ணே!"

தனியாக இருக்கும்போது ப்ளீஸைச் சேர்த்துப் பார்ப்பார், பிறகு எடுத்துவிடுவார். வீட்டில் இப்போது அவர் மட்டும்தான். யாருக்காக இந்தப் பயிற்சி என்று கேட்க எவருக்கும் மனம் வரவில்லை.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் அம்மாள், கோட்டை நீட்டிய கையோடு கவுண்டர் முன் சரிந்தார். கவுண்டர் பெண் ஓடிவந்து மூச்சைப் பார்த்தாள். மண்டியிட்டு மார்பை அழுத்திக்கொண்டே, "அண்ணே, ஃபோன்!" என்று அலறினாள்.

பின்னறையிலிருந்து வந்தவர் ஃபோனை எடுத்தார். குரலில் மருந்துக்குக்கூட நடுக்கமில்லை. "ஆம்புலன்ஸ். மை வைஃப் இஸ் நாட் ப்ரீதிங்." கடையின் முகவரி. எதிரே பேருந்து நிறுத்தம். கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில். நன்றி சொல்லவில்லை.

வண்டி பறந்து வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அந்த அம்மாளின் விரல்கள் அசைந்தன. வண்டிக்காரர், கணவர் யார், கூட ஏறிக்கொள்ளலாம் என்றார். இவர் ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு நின்று, இல்லையென்று தலையசைத்தார்.

"இன்னைக்கு ஒரு கைண்ட்லி கூட வரலையேண்ணே" என்று கவுண்டர் பெண் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவர் தரையில் கிடந்த கோட்டை எடுத்துத் தூசி தட்டினார். பின்னறைக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்து, காலரின் மேல் பெட்டியை இறக்கினார். புஸ்ஸென்று நீராவி கிளம்பியது. அவர் உதடு அசையவில்லை.