அக்காவின் நம்பர்

அந்தத் தெருவில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. வைத்தியம் படித்தவர்கள்தான் கிடையாது. ஆவிக்காரரின் மகள் ஐந்து வயதாகியும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைகிறாள் என்று தெரிந்ததும், மளிகைக் கடைக்காரர் "டிவியை நிறுத்துங்க" என்றார். மாடிவீட்டு மாமா, "நானே ஆறு வயசுலதான் வாயைத் திறந்தேன், அப்புறம் மூடவே இல்லை" என்றார். பிற்பாதியை மட்டும் தெருவே ஒப்புக்கொண்டது.

ஆவிக்காரர் என்றதும் பயப்பட வேண்டாம். சலவைக் கடையில் நீராவி இஸ்திரி போடுகிறவர். ஊரார் சட்டைச் சுருக்கத்தையெல்லாம் நீக்கிவிட்டு, நெற்றிச் சுருக்கத்தோடு வீடு திரும்புகிற மனிதர்.

மகளுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று சோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருந்தார். முறை வந்தால் ஃபோனில் கூப்பிடுவார்கள். சோதனை முடிவு வந்தால்தான் பள்ளியில் அவளுக்குக் கூடவே ஒரு துணை டீச்சர். இல்லாவிட்டால் இந்த வருடமும் இடமில்லை என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

யார் நம்பரைக் கொடுப்பது? கடையில் நீராவி சீறும் சீற்றத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மனைவி வேலை பார்க்கும் பிஸ்கட் கம்பெனியில் ஃபோனை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள் நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கும் அவருடைய அக்காதான்.

"அண்ணி நம்பரையே குடுங்க. அவங்க தங்கம்" என்றாள் மனைவி. நாத்தனாரைத் தங்கம் என்று சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டாமா? போட்டார், நம்பரையும் கொடுத்தார்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? சட்டைக்குள் வைத்து மடிக்கும் அட்டைகளில் ஆவிக்காரர் படம் வரைந்தார்: செருப்பு, பஸ், அத்தை வீடு, மறுபடி வீடு. அடுத்து என்ன என்று தெரிந்தால் மகள் அலறுவதில்லை. கழுத்தை உறுத்தும் லேபிள் துணிச்சீட்டுகளை எல்லா உடுப்பிலிருந்தும் பிரித்தெடுத்தார். இளஞ்சூட்டில் இஸ்திரி போட்ட போர்வையைக் கனமாக மடித்து மடியில் வைத்தால் அவள் அடங்கி உட்காருவாள். மிக்ஸி போடும்முன் விரல் காட்டி மூன்று எண்ண வேண்டும். எல்லாவற்றையும் அக்கா கற்றுக்கொண்டாள்; தம்பியைவிட நன்றாகவே செய்தாள். அலறல் குறைந்தது, பிறகு நின்றேபோனது.

தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி: "ஃபோன் வந்துச்சாக்கா?"

"வந்தா சொல்லாம முழுங்கிடுவேனா? டீயைக் குடிடா."

ஒருநாள் துணி போட வந்த ஆட்டோக்காரர் ஆவிக்காரரை அடையாளம் கண்டுகொண்டார். பெயர் கொடுத்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். "எங்க பையனுக்குப் பாத்துட்டாங்கண்ணே. உங்களுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்குமே? எங்க பேரு உங்களுக்குப் பின்னாடிதானே?"

மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"நான்தானே பேசினேன். குழந்தையோட அத்தை எடுத்தாங்க. இப்ப ஒண்ணுமில்ல, நல்லாயிட்டா, வர வேண்டியதில்லன்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்க. அந்த இடத்தை வேற குழந்தைக்குக் குடுத்துட்டோம் சார். மறுபடி பேர் குடுங்க, கடைசியிலேர்ந்துதான் வரும்."

"எப்ப பேசினீங்க?"

"அது ஆச்சே, ரொம்ப நாள்."

ரொம்ப நாள். அத்தனை நாளும் அவர் கேட்டிருக்கிறார். அத்தனை நாளும் அக்கா டீ ஊற்றியிருக்கிறாள். அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா மறுக்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? கத்துறாளா, காதைப் பொத்துறாளான்னு கேட்டாங்க. இல்லன்னேன். பொத்துறாளா, நீயே சொல்லு!"

"நாம முன்னாடியே எண்ணிக் காட்டுறோம், அதனால பொத்தல. ஸ்கூல்ல யாருக்கா எண்ணுவா?"

"ஒரு தடவை பேரு ஒட்டிட்டா சாகுற வரைக்கும் போகாதுடா. நம்ம வீட்டுப் பொண்ணு."

"சரி, வேண்டாம்னு நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. தினமும் கேட்டேனே!"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல" என்றாள் அக்கா, கணக்கு நேராகிவிட்டதுபோல.

அவளை ஆவிக்காரர் எப்படி வெல்வது? குழந்தை தேறியதற்குப் பாதிக் காரணம் அவள். அந்தத் தேறுதலையே சாட்சிக்கு நிறுத்திக் குழந்தையின் முறையைப் பறித்தவளும் அவள்தான். எதிரி என்றால் முகத்தில் கதவைச் சாத்தலாம். கதவுக்கு உள்ளே இருக்கிறவளை என்ன செய்வது?

பெயரைத் திரும்பக் கொடுத்தார், இம்முறை தன் நம்பரோடு. முதலாளியிடம் மல்லுக்கட்டி, ஃபோனை அதிரும்படி வைத்துச் சட்டைப் பைக்குள் போட அனுமதி வாங்கினார். பள்ளி மட்டும் அடுத்த வருடத்துக்குப் போனது போனதுதான்.

மறுநாள் காலை கடையும் கம்பெனி ஷிஃப்டும் நின்று காத்திருக்குமா? அட்டையில் செருப்பு, பஸ், அத்தை வீடு. வேறு வீட்டை வரைய ஆவிக்காரருக்கு இன்னொரு வீடில்லை. வரைந்தாலும் மகள் ஏற்க மாட்டாள்.

அக்கா கதவைத் திறந்து கை நீட்டினாள். "பையைக் குடுடா. சாப்பிட்டியா?"

"போர்வை உள்ள இருக்கு. மிக்ஸி போடுறதுக்கு முன்னாடி விரல் காட்டி எண்ணிடுங்க" என்றார், புதிதாக வேலைக்கு அமர்த்திய யாரோ ஒரு அம்மாவிடம் சொல்வதைப்போல.

அக்காவின் கை அப்படியே நின்றது. மகள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆவிக்காரர் பஸ்ஸுக்கு நடந்தார்.