எரியாத களிம்பு

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது கால்வாசிதான். கொடுத்த மருந்து கடைசியில் யார் உடம்பில் போய் உட்கார்ந்தது என்று விசாரிப்பதுதான் மீதி. கவுண்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வறண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டால் போதும்.

மருந்தா, வெண்ணெயா

செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் நான் வேலை பார்த்த காலம். ஐம்பதுகள் முடியப் போகிற சமயம். ஸ்டீராய்டு களிம்பு அப்போதுதான் ட்யூபில் வர ஆரம்பித்திருந்தது. அதுவரை தோல் வியாதி என்றால் நானே பளிங்குப் பலகையில் களிம்பு குழைத்துக் கொடுப்பேன். தடவினால் எரிச்சலில் ஆள் துள்ளுவார். துள்ளினால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது ஊர் முழுக்க நம்பிக்கை.

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் கூடையை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் மீன் விற்பவர் அஞ்சலை. ஆள் சின்னவர், குரல் பெரியது. ஈரமும் உப்பும் பட்டுப் பட்டு அவருடைய இரண்டு கையும் வெடித்துச் சிவந்து, ஓயாமல் அரித்தன. மீன் வாங்குகிற பெண்கள் முதலில் செவுளைப் பார்ப்பார்கள், அடுத்து விற்கிறவள் கையைப் பார்ப்பார்கள். கை சரியாகாவிட்டால் பிழைப்பு போச்சு என்று அஞ்சலைக்கு நன்றாகத் தெரியும். டாக்டரம்மா புது ட்யூபை எழுதிக் கொடுத்தார். அரிக்கிற இடத்தில் மட்டும், காலையும் இரவும், மெலிசாகத் தடவ வேண்டும், முகத்தில் கூடாது, அடுத்த வாரம் வந்து கையைக் காட்ட வேண்டும். இதையெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அஞ்சலை என் எதிரிலேயே கொஞ்சம் தடவிப் பார்த்தார். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“எரியவே இல்லியே பாய். இது மருந்தா, வெண்ணெயா?”

இரவல்

அடுத்த வாரம் கை பாதி ஆறியிருந்தது. ஆனால் ட்யூப் கரும்புச் சக்கையாக நசுங்கிப் போயிருந்தது. மெலிசாகத் தடவினால் இவ்வளவு சீக்கிரம் தீராதே என்று விசாரித்தேன். ட்யூப் குப்பத்தைச் சுற்றி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் முகம் வெளுக்கும் என்று பூசியிருக்கிறாள். இன்னொருத்தி, குழந்தையின் வேர்க்குருவுக்கு, எண்ணெய் தேய்க்கிற மாதிரி தலை முதல் கால் வரை தேய்த்திருக்கிறாள். எரியாத மருந்து யாரையும் ஒன்றும் செய்யாது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒருத்தருக்கு எழுதியது ஒருத்தருக்குத்தான், குழந்தைத் தோல் இதைத் தாங்காது, முகத்தில் பூசிக்கொண்டே இருந்தால் தோல் கெட்டுப்போகும் என்று கத்தினேன். ஒரு பொடி மீனைக்கூட யாருக்கும் சும்மா தராத அஞ்சலை, என்னைத்தான் கருமி என்பது போலப் பார்த்தார்.

“வந்து கேக்கறவங்களுக்கு எப்பிடி பாய் இல்லன்றது? மருந்துதானே, மீனா?”

எல்லாம் படை

எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் அதற்குப் பெயர் படை. வட்டமாக வந்தாலும் படை, வெடித்து வந்தாலும் படை. அந்த ஒரு சொல்தான் எல்லா வினைக்கும் காரணம்.

அஞ்சலையின் புருஷன் மாரி கட்டுமரத்தில் போகிறவர். அவருக்கு இடுப்பில் வட்டமாக ஒன்று வந்திருந்தது. அதற்கு நான் கொடுத்தனுப்பிய எரிகிற களிம்பை ஒரே தரம் தடவிவிட்டுப் பரணில் போட்டவர், பெண்டாட்டிக்கு டாக்டரம்மா மறுபடி கொடுத்த ட்யூபை எடுத்துக்கொண்டார். இரண்டும் படைதானே. அரிப்பு அடங்கியது, சிவப்பும் மங்கியது. அப்புறம் பார்த்தால் வட்டம் இடுப்பைச் சுற்றிப் பரவியிருந்தது. அஞ்சலை கையில் இருந்ததுதான் புருஷனுக்கு ஒட்டிக்கொண்டது என்று குப்பத்தில் பேச்சு. மாரியும் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு மற்ற மீன்காரிகளோடு காலை பஸ்ஸேறிச் செங்கல்பட்டுக்கும் வந்துவிட்டது.

அஞ்சலையின் கூடை வந்த கனத்தோடு திரும்ப ஆரம்பித்தது. என் வீட்டிலேயே வேறொருத்தியிடம் மீன் வாங்கியிருந்தார்கள். கம்பவுண்டர் வீட்டிலேயே இப்படிச் செய்யலாமா என்று என் மனைவி ஹபீஸாவிடம் கேட்டேன். அவள் அடுப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“படைன்னு அஞ்சலையே வாயால சொல்லிக்கினு வருது. நான் இன்னான்னு நம்பி வாங்குறது?”

மாரியின் இடுப்பு

டாக்டரம்மா புருஷனையும் கூட்டிவரச் சொன்னார். பார்த்த மாத்திரத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. அஞ்சலைக்கு வந்தது கரப்பான். அது யாருக்கும் ஒட்டாது. மாரிக்கு வந்தது படர்தாமரை, ஒட்டுவது அதுதான். ட்யூப் களிம்பு அரிப்பை அடக்குமே தவிர படர்தாமரையைக் கொல்லாது. அடங்கினது போலக் காட்டிவிட்டுப் பரவ விட்டுவிடும். மாரிக்கு மறுபடி எரிகிற களிம்பு. அஞ்சலைக்குப் புது ட்யூப், அதே மெலிசு. கை ஆற ஆறக் குறைத்து, டாக்டரம்மா சொல்லும்போது நிறுத்திவிட்டு, வெறும் தேங்காயெண்ணெய். இருவருக்கும் துண்டு தனித்தனி.

அஞ்சலை புருஷனைப் பிடிபிடியென்று பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கண் கலங்கியிருந்தது. அந்தக் குரல் இல்லாமல் அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாரி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

மறுநாள் மாரி கடலுக்குப் போகவில்லை. பெண்டாட்டியின் கூடையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார், பின்னால் அஞ்சலை. ஆம்பிளை தெருவில் மீன்கூடை சுமந்து வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆகவே வாசலுக்கு வாசல் கூட்டம். எங்கள் வாசலில் கூடையை இறக்கினார். மீனைத் தொடவில்லை, அது அஞ்சலை வேலை. சட்டையைத் தூக்கி, இடுப்பைச் சுற்றியிருந்ததைக் கூடியிருந்தவர்களுக்குக் காட்டினார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்; ஆனால் பார்க்கவும் பார்த்தார்கள்.

“பட என்னுதும்மா. இத்தினி நாளு வாயத் தொறக்காம இருந்தவனும் நான்தான். அவ கையில ஒண்ணும் ஒட்டாது, வாங்குங்க.”

ட்யூபோடு கம்பெனிக்காரன் மடித்து வைக்கிற எச்சரிக்கைக் காகிதத்தை எங்கள் தெருவில் யாரும் படித்ததில்லை. மாரியின் இடுப்பை மட்டும் எல்லோரும் நன்றாகப் படித்துவிட்டு, ஹபீஸா முன்னால் நிற்க, சட்டி சட்டியாக மீன் வாங்கினார்கள்.